முப்பத்து நான்கு எழுத்தும் ஓர் இடைவெளியும்

யூசர்நேம் சரிபார்க்கும் விதியை எழுதுகிற வேலையை எந்த ஆபீஸிலும் கடைசியாகச் சேர்ந்தவர் தலையில்தான் கட்டுவார்கள். எத்தனை எழுத்து வரலாம், புள்ளி வைக்கலாமா, எண்ணில் தொடங்கலாமா என்று பார்க்க ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்கிற ஒரே ஒரு வரிக் குறியீடு போதும். இணையத்தில் தேடினால் ஆயத்தமாகவே கிடைக்கும். புதிதாக நிரல் எழுத வந்திருக்கும் உங்களில் யாருக்காவது இந்த வாரம் அந்த வேலை வந்திருந்தால் முகத்தைச் சுளித்திருப்பீர்கள். நானும் சுளித்தவள்தான்.

ஆனால் நான் சொல்லப்போகும் விதியை எழுதியபோது நான் புதியவள் இல்லை. சென்னையில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் இருந்த ஒரு சின்ன நிறுவனத்துக்கு வந்து சேர்ந்திருந்தேன். அங்கே கஷ்டமான வேலை எது வந்தாலும் "கோமதியக்காகிட்ட குடுங்க" என்பார்கள். அடக்கத்துக்காகக் குறைத்துச் சொல்லப்போவதில்லை. நான் நன்றாக நிரல் எழுதுவேன், அது எனக்கும் தெரியும். நடந்ததில் பாதிக்கு அந்த நினைப்புதான் காரணம்.

பாவூர்சத்திரத்தில் சில மொத்த வியாபாரிகள் ஒன்றுசேர்ந்து எங்களிடம் ஒரு தளம் கேட்டார்கள். காய்கறி கொண்டுவரும் விவசாயிகள் முன்கூட்டியே பேரைப் பதிந்து, எந்த நேரத்துக்கு வண்டி வரும் என்று சொல்லி, போனிலேயே டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்டில் டோக்கனைக் காட்டினால் வண்டி உள்ளே போகும். சாலையில் டெம்போக்கள் வரிசைகட்டி நிற்பதைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடு.

அந்தத் தளத்துக்கு யூசர்நேம் விதியை நான்தான் எழுதினேன். சிலர் இனிஷியலுக்குப் புள்ளி வைப்பார்கள், சிலர் இரண்டு பேரைச் சேர்த்து நடுவில் கோடு போடுவார்கள். எல்லாருக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்று யோசித்தேன். ஆங்கில எழுத்துகள் ஒன்றோ பலவோ வரலாம், அதன்பின் வேண்டுமானால் ஒரு புள்ளியோ கோடோ வரலாம், இந்த முழுத் தொகுப்பும் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப வரலாம். ஒரே வரியில் அத்தனையும் அடங்கிவிட்டது. எழுதி முடித்துவிட்டு அந்த வரியை நானே இரண்டு தடவை ரசித்துப் பார்த்தேன். பேர் முப்பது எழுத்தைத் தாண்டக் கூடாது என்று அதற்குக் கீழே இன்னொரு வரியும் போட்டேன். பழைய போன்களில் பக்கம் சீக்கிரம் திறக்க வேண்டும் என்பதால் இந்தச் சோதனை எல்லாம் போனில் நடக்காமல் எங்கள் சர்வரிலேயே நடக்கும்படி வைத்தேன்.

ஐந்தாறு மாதம் ஒரு குறையும் இல்லை.

ஓணத்துக்கு முந்தைய வாரம் வந்தது. அந்த நாட்களில் பாவூர்சத்திரத்திலிருந்து புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போகும் காய்க்குக் கணக்கில்லை. நெரிசலைச் சமாளிக்க, அந்த வாரம் முழுக்க டோக்கன் இல்லாத வண்டியை உள்ளே விடுவதில்லை என்று வியாபாரிகள் முடிவு செய்திருந்தார்கள். தளத்தை நம்பி எடுத்த முடிவு. எனக்குப் பெருமையாகவே இருந்தது.

அன்று காலை ஏழு மணிக்கு நான் ஆபீஸில் தனியாக இருந்தேன். வெளியே சாரல். தளம் நின்றுவிட்டது. மெதுவாகக்கூட இல்லை, முழுக்க உறைந்துவிட்டது. எங்கள் சர்வர் ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் செய்யும் வகை. அதன் முழு உழைப்பையும் ஏதோ ஒன்று விழுங்கிக்கொண்டிருந்தது. நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். இரண்டே நிமிஷத்தில் மறுபடி உறைந்தது. இப்படி நான்கைந்து தடவை.

பதிவு முயற்சி ஒவ்வொன்றையும் சோதிப்பதற்கு முன்பே லாக்கில், அதாவது சர்வரின் குறிப்பேட்டில், எழுதி வைக்கும்படி செய்திருந்தேன். திறந்து பார்த்தால் ஒரே பேர், வரிசையாக, திரும்பத் திரும்ப: muthulakshmisubbiahkuthukalvalasai. இடைவெளி இல்லாமல், புள்ளி இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு விசைப்பலகையில் விரலை உருட்டியது போல நீளமாக ஓடிய எழுத்துகள். சர்வர் உறைந்த ஒவ்வொரு தடவையும் அதற்கு முந்தைய வரி இதுதான்.

தாக்குதல் என்று முடிவு செய்தேன். யோசிக்க எடுத்துக்கொண்டது அரை நிமிஷம்கூட இருக்காது. இந்தத் துறையில் அதிகம் படித்தவர்களுக்கு இது ஒரு வியாதி. தாக்குதல் வகைகளைப் பற்றி நிறைய வாசித்திருப்போம், அதனால் முதலில் அதுதான் தோன்றும். அந்த முயற்சிகள் எந்த இணைய முகவரியிலிருந்து வந்தனவோ, அந்த முகவரியைத் தடுத்தேன். சர்வர் உடனே மூச்சுவிட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு செய்தியும் அனுப்பினேன். "இந்தப் பேரில் யாரோ விஷமி நம் தளத்தைத் தாக்குகிறார். தடுத்துவிட்டோம். இந்தப் பேரை யாராவது காட்டினால் உடனே தெரிவிக்கவும்." கீழே அந்த யூசர்நேமையும் ஒட்டினேன்.

எட்டு மணிக்கு ஜெபராணி வந்தாள். நாங்கள் எழுதும் நிரலைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர், இலஞ்சிக்காரி. அருவிக்குப் போகிற கூட்டத்தில் பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை என்று சொல்லிக்கொண்டே நனைந்த குடையைக் கதவோரம் சாய்த்துவிட்டு என் திரையை எட்டிப் பார்த்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். கொஞ்சம் வீரக்கதை போலத்தான் சொல்லியிருப்பேன்.

"இப்ப சரியாயிட்டா?"

"பாரு, எவ்வளவு அமைதியா இருக்குன்னு."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ரொம்ப அமைதியால்லா இருக்கு. ஓணத்துக்கு முந்தின வாரம், காலைல எட்டு மணி. அஞ்சு நிமிஷமா மூணே பேருதான் உள்ள வந்திருக்காங்க. மத்தவங்க எங்க போனாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. செல்போன் நிறுவனங்கள் ஒரே இணைய முகவரிக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான போன்களை வைத்திருக்கும். இதை நான் மற்றவர்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன். ஒரு ஆளைத் தடுத்ததாக நினைத்து, அந்த வட்டாரத்தில் பாதிப் பேரை வெளியே நிறுத்தியிருந்தேன்.

அதற்குள் ஜெபராணி லாக்கில் இருந்த பேரை வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்திருந்தாள். "முத்துலட்சுமி... சுப்பையா... குத்துக்கல்வலசை." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அக்கா, ஒருத்தன் தாக்கணும்னு நெனச்சா தன் ஊர்ப் பேரையா போடுவான்?"

குத்துக்கல்வலசை எங்கள் ஆபீஸிலிருந்து ஸ்கூட்டரில் பத்து நிமிஷம். அதன் வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஆங்கில எழுத்தில் ஓடியதால் அந்தப் பேர் என் கண்ணில் பேராகவே படவில்லை.

அப்போது போன் அடித்தது. வியாபாரிகள் சார்பில் எங்களோடு பேசுகிற கமிஷன் கடை அண்ணாச்சி.

"கோமதியம்மா, என்னம்மா நடக்குது? ஒருத்தனுக்கும் டோக்கன் வர மாட்டேங்குது. வண்டி பூரா மெயின் ரோட்டுல நிக்குது. பஸ்ஸு போக வழியில்ல."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். தளம் ஓடவில்லை, காரணம் தெரியவில்லை, எதிரில் கோபமாக ஒருவர். இப்போது உங்கள் கை கீபோர்டுக்குத்தான் போகும். போகக் கூடாது. நான் அன்று செய்த உருப்படியான காரியம் கீபோர்டைத் தொடாமல் இருந்ததுதான்.

"அண்ணாச்சி, தளத்த மறந்திருங்க. பழையபடி பேப்பர்ல நம்பர் எழுதிக் குடுத்து வண்டிய உள்ள விடுங்க. பத்து மணி வரைக்கும் தளம் வராதுன்னே வச்சுக்கிடுங்க. முன்னாடியே வந்தா நான் சொல்லுதேன்."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?" என்றவர், போனை வைப்பதற்குள் அந்தப் பக்கம் யாரையோ "ஏலே, நோட்டு எடுத்துட்டு வாலே" என்று கூப்பிட்டது கேட்டது.

வண்டிகள் நகர்ந்த பிறகுதான் காரணத்தைத் தேட உட்கார்ந்தோம். தடுப்பை எடுத்ததும் சில நிமிஷங்களில் அதே பேர் வந்தது, அதே போல உறைந்தது. ஆக, முத்துலட்சுமி இன்னும் விடாமல் முயன்றுகொண்டிருக்கிறார். தளத்தை மூடிவிட்டு, தனிக் கணினியில் அந்தப் பேரை நானே தட்டிப் பார்த்தேன். முப்பது எழுத்துக்கு மேல் கூடாது என்று கண்ணிமைக்கும் நேரத்தில் பதில் வந்தது. உறையவில்லை.

"நீங்க தட்டுதீங்க. லாக்குல இருக்கத அப்படியே எடுத்துப் போடுங்க" என்றாள் ஜெபராணி. லாக்கில் இருந்த பேரை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்தாள். நீல நிறம் கடைசி எழுத்தோடு நிற்காமல் இன்னும் ஒரு கட்டம் தள்ளிப் போய் நின்றது.

பேருக்குப் பின்னால் ஒரு இடைவெளி.

அதை ஒட்டியதும் என் கணினி உறைந்தது. அவள் பேரை இருபத்தைந்து எழுத்தாக வெட்டி, கடைசியில் இடைவெளி வைத்துப் பார்த்தாள். பதில் வர ஒரு விநாடி ஆனது. இருபத்தாறு எழுத்துக்கு இரண்டு விநாடி. இருபத்தேழுக்கு நான்கு. ஒவ்வொரு எழுத்துக்கும் இரட்டிப்பு. முப்பத்து நான்கு எழுத்துக்கு எட்டு நிமிஷத்துக்கு மேல்.

நான் ரசித்துப் பார்த்த வரிதான் குற்றவாளி. ஒன்றோ பலவோ எழுத்து என்று ஒரு திரும்பல், அதற்கு மேல் எத்தனை முறை வேண்டுமானாலும் என்று இன்னொரு திரும்பல். பேர் ஒழுங்காக முடிந்தால் சிக்கலில்லை. கடைசியில் ஒவ்வாத ஒரு எழுத்து வந்துவிட்டால், பேரை வேறு எப்படியாவது துண்டுபோட்டால் பொருந்துமா என்று சர்வர் எல்லா வழியையும் முயன்று பார்க்கும். இத்தனைக்கும் நீளத்தைச் சோதிக்கும் வரியை அதற்குக் கீழே வைத்திருந்தேன். அது மேலே இருந்திருந்தால் அன்று ஒன்றுமே நடந்திருக்காது.

திருத்தும்போது எனக்கு ஒரு சபலம் வந்தது. அதே விதியை இன்னும் சாமர்த்தியமாக எழுதலாம், வழியும் தெரியும். எழுதவில்லை. முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை நீக்கு, நீளத்தைப் பார், பிறகு ஒவ்வொரு எழுத்தும் அனுமதித்த வகையா என்று மட்டும் பார். மூன்று மொண்ணையான வரிகள். யார் படித்தாலும் புரியும். ஜெபராணி இடைவெளி, புள்ளி, தமிழ் எழுத்து, வெறும் கோடு என்று கைக்கு வந்ததையெல்லாம் போட்டு அடித்துப் பார்த்தாள். ஒன்பதரைக்குத் தளம் திரும்ப ஓடியது.

அண்ணாச்சிக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். அவரே கூப்பிட்டார்.

"கோமதியம்மா, நீங்க சொன்ன ஆளப் பிடிச்சாச்சு."

"எந்த ஆளு?"

"அதான், தளத்தத் தாக்குன ஆளு. ஒரு பொம்பள. நாலு மூட கத்திரிக்காயோட வந்து நிக்கா. பேப்பர் டோக்கன் குடுக்கப் பேரு கேட்டா, அவளே போன நீட்டி அந்தப் பேரக் காட்டுதா. என்ன தைரியம் பாருங்க. போன வாங்கி வச்சிருக்கோம். போலீசுக்குச் சொல்லணும்னு நம்ம ஆளுங்க நிக்காங்க."

நான் ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்தேன்.

"அண்ணாச்சி, அவங்க ஒண்ணும் செய்யல. தப்பு என்னோடது. போன அவங்க கையில குடுத்திருங்க. யாரும் ஒரு வார்த்தை பேச வேண்டாம். நான் கிளம்பி வாரேன்."

"நீங்கதான மெசேஜ் போட்டீங்க?"

"நான்தான் போட்டேன். அதான் நானே வாரேன்."

ஜெபராணியைத் தளத்துக்குக் காவல் வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். சாரலில் கண்ணாடி மங்கிக்கொண்டே இருந்தது. போனிலேயே விளக்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நான் அந்தச் செய்தியை நாற்பது பேர் பார்க்க அனுப்பினேன். அதை ஒருவர் காதில் மட்டும் சொல்லித் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது.

மார்க்கெட் கேட்டுக்கு உள்பக்கம், மூட்டைகளின் மேல் சாய்ந்தபடி ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண் நின்றிருந்தார். டெம்போக்காரர் அடுத்த சவாரிக்கு நேரமாகிவிட்டது என்று மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டாராம். கேட்டில் நடந்த தள்ளுமுள்ளில் ஒரு மூட்டை கீழே விழுந்து, காய் நசுங்கிச் சாக்கு ஈரமாகியிருந்தது. அண்ணாச்சி போனைத் திருப்பிக் கொடுத்திருந்தார். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார் முத்துலட்சுமி.

சுற்றிலும் வியாபாரிகள், சுமை தூக்குகிறவர்கள், டெம்போக்காரர்கள். நான் யாரென்று அண்ணாச்சி சொன்னதும் முத்துலட்சுமி என்னிடம் நேராகக் கேட்டார்.

"ஏம்மா, எம்பேர்ல என்ன குத்தம்?"

பதினைந்து வருஷத்துக்கு மேல் வாடிக்கையாளர்களின் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். இவ்வளவு சரியான கேள்வியை யாரும் கேட்டதில்லை.

"உங்க பேர்ல ஒரு குத்தமும் இல்லக்கா" என்றேன். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "இவங்க எதையும் தாக்கல. பேரப் பதிய வந்திருக்காங்க, அவ்வளவுதான். நான் எழுதின விதி அந்தப் பேரப் படிக்கத் தெரியாம நின்னுட்டு. என்னன்னு பாக்காம இவங்க மேல பழியப் போட்டு உங்களுக்கு மெசேஜ் அனுப்புனது நான். அது தப்பு."

கூட்டத்தில் ஒருவர் விடவில்லை. "அப்ப ரோட்டுல ஒரு மணி நேரம் வண்டி நின்னதுக்கு?"

"அதுக்கும் நான்தான் காரணம்."

கேட்டவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தன் வண்டிப் பக்கம் போனார். தப்பை முழுக்க ஒப்புக்கொண்டவரிடம் சண்டை போடுவது கஷ்டம். இது தந்திரம் இல்லை. ஆனால் பாதி ஒப்புக்கொண்டிருந்தால் மத்தியானம் வரை அங்கே நின்றிருப்போம்.

முத்துலட்சுமிக்கு அழுகை அப்போதுதான் வந்தது. "எம்மவன் பட்டாளத்துல இருக்கான். அவன்தான் பேர எழுதி வாட்ஸ்அப்ல அனுப்பி, இத அப்படியே எடுத்துப் போடும்மான்னு சொன்னான். அப்படியேதான் போட்டேன். சுத்திக்கிட்டே இருந்துச்சு. நானும் அமுக்கிக்கிட்டே இருந்தேன். போன வேற பிடுங்கிட்டாங்க. அவன் கூப்பிட்டு நான் எடுக்கலன்னா பயந்துபோவாம்லா?"

அந்த இடைவெளி எங்கிருந்து வந்தது என்று அப்போது விளங்கியது. செய்தியிலிருந்து பேரை எடுக்கும்போது விரல் ஒரு கட்டம் கூடுதலாக இழுத்திருக்கிறது.

அவர் காயை ஏற்ற வேண்டிய புனலூர் லாரி அதற்குள் போய்விட்டது. பன்னிரண்டு மணி வண்டியில் மூன்று மூட்டையை ஏற்றிவிடுவதாக அண்ணாச்சி தானாகவே சொன்னார். நசுங்கிய மூட்டைக்கு யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அங்கேயே உட்கார்ந்து அவர் பேரைப் பதிந்துவிடலாம் என்று நினைத்தேன். தளம் இப்போது உறையவில்லை. ஆனால் முப்பது எழுத்துக்கு மேல் கூடாது என்று மறுத்தது.

"அக்கா, கொஞ்சம் சுருக்கிப் போடுவோமா? முத்துலட்சுமின்னு மட்டும்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். "எங்க தெருவுல மட்டும் மூணு முத்துலட்சுமி. எங்க வீட்டுக்காரர் பேரும் ஊரும் இல்லாம எந்த முத்துலட்சுமின்னு தெரியும்? அதெல்லாம் சுருக்க வேண்டாம்."

ஜெபராணியைக் கூப்பிட்டு நீளத்தை நாற்பதாக்கச் சொன்னேன். "அறுபதாவே வைக்கேன். முப்பதுன்னு எதுக்குக்கா வச்சீங்க?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். ஒரு காரணமும் இல்லை. எல்லாரும் அப்படித்தான் வைக்கிறார்கள் என்று வைத்திருந்தேன். உங்களுக்கு நான் சொல்வதும் அதுதான். நீங்கள் எழுதும் விதியில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும், ஒவ்வொரு தடைக்கும், ஒரு ஆள் எதிரே நின்று "ஏன்?" என்று கேட்டால் சொல்ல ஒரு பதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் தடை எதற்கு?

இந்தத் தடவை முத்துலட்சுமி ஒட்டவில்லை. மகன் அனுப்பியதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத் தானே தட்டினார். பின்னால் இரண்டு வண்டிகள் காத்திருந்தன. நான் உதவக் கை நீட்டவில்லை. அமுக்கினார். உடனே பதிந்துவிட்டது.

மாலையில் ஆபீஸில் அறிக்கை எழுத வேண்டியிருந்தது. எங்கள் மேனேஜர் என்னைவிட வயதில் சின்னவர், நல்ல மனிதர். "காரணம்" என்ற இடத்தில் "பயனரின் எதிர்பாராத உள்ளீடு" என்று எழுதி வைத்திருந்தார். பொய்யில்லை, வாடிக்கையாளர் படிக்கும்போது உறுத்தாது என்றார்.

"எதிர்பாராததா? ஒரு பொம்பள தன் பேரையும் புருஷன் பேரையும் ஊரையும் போட்டிருக்கா. பேர் கேட்கிற இடத்துல இதை எதிர்பாக்காம வேற என்னத்த தம்பி எதிர்பாக்க?"

அவர் சிரித்துவிட்டு லேப்டாப்பை என் பக்கம் தள்ளினார். நான் அந்த வரியை அழித்துவிட்டு, விதி எப்படித் தவறியது, ஆராயாமல் ஒரு முகவரியைத் தடுத்தது, ஒருவர் மேல் பழி சொல்லிச் செய்தி அனுப்பியது என்று மூன்றையும் எழுதினேன். அதையே சுருக்கி வியாபாரிகளின் குழுவுக்கும் அனுப்பினேன்.

அறிக்கையில் இரண்டு இடத்தில் முத்துலட்சுமியின் பேர் இருந்தது. இரண்டையும் எடுத்தேன். விதியை எழுதியவர் என்ற இடத்தில், வழக்கமாக "டீம்" என்று போடுவோம். அதை அழித்துவிட்டு என் பேரை முழுசாகத் தட்டினேன்.